மண்டிக்காரர் சாப்பிடாத சோறு

அத்தியாயம் 9

நூற்று முப்பத்தாறு.

சுகர் மீட்டரில் எண் வந்ததும் அம்மா உண்ணாமலை சாமி மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்பு இதே வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பது காட்டிய மீட்டர் அது.

"பாத்தியாடி? நார்மல்தான். வெறும் பித்தம். எலுமிச்சம்பழம் புழிஞ்சி குடுத்தா சரியாப் போயிடும்."

ஸ்ரீநிதி குளியலறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே அவளுடைய அப்பா, நைனா, மூன்றாவது முறையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாட்களுக்கு முன்புதான் அந்த ரகசியம் அவளுக்குத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டை மண்டிக்கு எடுத்துப் போனபோது டப்பா சாய்ந்து மூடி திறந்துகொண்டது. உள்ளே இருந்தது சோறு இல்லை. காலிபிளவரைத் துருவி நெய்யில் வதக்கி, சோறுபோல உதிர்த்து வைத்திருந்தாள் அம்மா. மூன்று மாதமாக நைனா ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் தருண் அண்ணன், சோறும் சர்க்கரையும் இல்லாமல் கொழுப்பையே சாப்பிட்டுத் தான் பதினோரு கிலோ குறைந்த கீட்டோ டயட்டின் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். அதைத்தான் நைனா செய்துகொண்டிருந்தார்.

யாருக்கும் தெரியக்கூடாது என்று ஸ்ரீநிதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். காரணம் கேட்க வேண்டியதில்லை. காந்தி பஜாரில் முப்பது வருடமாக அரிசி மண்டி வைத்திருக்கிறார். எந்த மூட்டையைப் பிரித்தாலும் ஒரு பிடி அள்ளிக் காட்டி ஒரே வார்த்தைதான் சொல்வார். "எங்க வூட்ல வடிக்கிறது இதான்."

அந்த வார்த்தையை நம்பித்தான் பாதி செஞ்சி அவரிடம் அரிசி வாங்கியது.

நைனா முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். பனியன் தோளிலிருந்து நழுவியது. ஒன்பது கிலோ குறைந்திருந்தார். கேட்டவர்களிடம் காலையில் கோட்டை வரை நடப்பதாகச் சொல்லி வைத்திருந்தார்.

"எவ்ளோ இருக்குது?"

"நூத்தி முப்பத்தாறு," என்றாள் அம்மா.

"அவ்ளோதானே. சட்டையை எடு. கமிட்டிக்குப் போவணும்."

தை மாதம். சம்பா அறுவடை முடிந்து, நெல் ஏலம் விடும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. திண்டிவனம் ரோடு வரை லாரிகள் நின்றன. இந்த மாதத்தில் ஒரு நாள் போகாவிட்டாலும் நல்ல பொன்னியை வேறு ஆள் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஸ்ரீநிதி சட்டையை நீட்டினாள். அப்போது அவருடைய மூச்சு அவள் முகத்தில் பட்டது.

இனித்தது. அழுகத் தொடங்கிய பழம்போல. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் மூன்று வருடம் முகர்ந்த வாசனை. அசிட்டோன்.

"நைனா, வாய் ஒரு மாதிரி வாசனை வருது."

"வரும். டயட்டு வாட்ஸப் குரூப்புல சொல்லியிருக்காங்க. அந்த வாசனை வந்தாத்தான் கொழுப்பு கரையுதுன்னு அர்த்தமாம்." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"டாக்டர் மேடத்தைப் பாத்துட்டுக் கமிட்டிக்குப் போலாம்."

"எதுக்கு? அந்தம்மா எப்படா இன்சுலின் போடலாம்னு காத்துக்கினு இருக்குது."

"சுகர்தான் குறைஞ்சிருக்குதே. எப்படிப் போடுவாங்க?"

அது அவருக்குப் பிடித்திருந்தது. உண்மையில் அதற்காகத்தான் எல்லாமே. மூன்று மாதத்துக்கு முன்பு டாக்டர் புது மாத்திரை ஒன்று எழுதினார். "இதுலயும் குறையலன்னா அடுத்த வாட்டி இன்சுலின்தான்" என்று சொல்லியும் அனுப்பினார். நைனா லாரியிலிருந்து மூட்டை சரிந்து விழுந்தாலும் பயப்படாதவர். ஊசி என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

"சரி, வா. ஆனா வாயைத் தொறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன்."

ஸ்ரீநிதி தலையாட்டினாள். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கல்லூரியில் மூன்று வருடமும் அதைத்தான் செய்தாள்.

*

டாக்டர் அமிர்தவல்லியின் கிளினிக்கில் காத்திருப்பதற்குத் தனி அறை என்று ஒன்று இருந்தது. யாரும் அதில் உட்காருவதில்லை. அடுத்த மூன்று டோக்கன்கள் டாக்டரின் அறைக்குள்ளேயே சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருடைய மூலவியாதியை இன்னொருவர் கேட்டுக்கொண்டு இருப்பார்.

பெஞ்சில் கமலாம்பாள் இருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் வைத்திருப்பவள். தினம் இருபது கிலோ அரிசி வடிப்பவள். இருபது கிலோவும் நைனாவின் மண்டியிலிருந்து.

"இன்னாண்ணா, துரும்பா எளைச்சிட்ட? அண்ணி சோறு போடுதா இல்லியா?"

"போடுது, போடுது," என்றார் நைனா சிரித்தபடி. "நீ உன் பிரஷரைப் பாரு."

"அந்தப் பொன்னி மாதிரியே அடுத்த லோடும் இருக்கணும். போன வாரம் ரெண்டு பேரு கேட்டான், அரிசி எங்க வாங்குறம்மான்னு. எங்கண்ணன் வூட்ல வடிக்கிற அரிசிடான்னேன்."

ஸ்ரீநிதி தரையைப் பார்த்தாள்.

டாக்டர் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர். அன்று அவர் பார்க்க வேண்டியது நாற்பத்திரண்டு டோக்கன். எடை போட்டுச் சீட்டில் எழுதினார், நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பிரஷர் நூறுக்கு அறுபது. நாக்கு காஞ்சி கெடக்குது. எத்தனை வாட்டி வாந்தி?"

"ராத்திரியிலேர்ந்து நாலஞ்சி வாட்டி மேடம். வயிறு வலிக்குது. சுகர் நூத்தி முப்பத்தாறு."

"அது பரவாயில்லையே! மாத்திரை நல்லாக் கேக்குது. சாப்பாடெல்லாம்?"

நைனாவின் கண்கள் ஒரு நொடி பெஞ்சின் பக்கம் போய்த் திரும்பின.

"எப்பவும் போலத்தான் மேடம். நம்ம கடை அரிசி, ரெண்டு வேளை சோறு."

ஸ்ரீநிதியின் காது சூடானது. டாக்டர் அவளைப் பார்ப்பார், பார்த்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டாக்டர் சீட்டைத்தான் பார்த்தார்.

"எங்கியோ வெளிய சாப்பிட்டது ஒத்துக்கல. வாந்திக்கு ஊசி ஒண்ணு. உப்பு சர்க்கரைக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. சாயங்காலம் வரைக்கும் நிக்கலன்னா வாங்க. சுகர் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

"அதை நான் எப்பவும் நிறுத்தறதில்ல," என்றார் நைனா பெருமையாக.

நர்ஸ் விருத்தாம்பாள் ஊசியோடு வந்தாள். நைனா கண்ணை மூடிக்கொண்டார்.

*

வாசலில் ஆட்டோ நின்றது. நைனா ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கமிட்டிக்கு…" ஒரு மூச்சு. "வுடுப்பா."

இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு.

ஸ்ரீநிதி ஆட்டோக்காரரை இருக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். நொடி ஓடும் கடிகாரத்தை வைத்து நைனாவின் மார்பைப் பார்த்தாள். அவர் ஓடவில்லை. படி ஏறவில்லை. உட்கார்ந்துதான் இருந்தார். ஆனாலும் மார்பு ஆழமாக ஏறி இறங்கியது. வெளியே எதையோ தள்ளிவிடப் பார்ப்பதுபோல.

ஒரு நிமிடம். முப்பத்து நான்கு.

சாதாரணமாகப் பதினாறு, மிஞ்சினால் இருபது. அவள் படித்தது வேதியியல்தான், மருத்துவம் இல்லை. ஆனால் இந்த வாசனையும் இந்த மூச்சும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவளுக்குத் தோன்றியது. வாந்தி ஊசி இதற்கு ஒன்றும் செய்யப்போவதில்லை. உள்ளே நைனா சொன்னது பொய். டாக்டர் அந்தப் பொய்க்குத்தான் மருந்து எழுதியிருக்கிறார்.

"நைனா, ரெண்டு நிமிஷம்."

"எங்கடி போற? ஸ்ரீநிதி!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவாள்.

உள்ளே கமலாம்பாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் பிரஷர் பட்டை உப்பிக்கொண்டிருந்தது. பெஞ்சில் மூன்று பேர்.

"டாக்டர், எங்க நைனா சோறு சாப்பிடுறதில்ல."

குரல் வெளியே வந்ததா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாம்மா?"

"சோறு சாப்பிடுறதில்ல. மூணு மாசமா. கீட்டோ டயட்."

கமலாம்பாள் கழுத்தைத் திருப்பினாள். டாக்டர் ஊதும் பந்தை விட்டுவிட்டார். பட்டை புஸ்ஸென்று இறங்கியது.

"எங்க அவரு?"

"ஆட்டோல. நிமிஷத்துக்கு முப்பத்து நாலு மூச்சு வாங்குறாரு. வாய்ல அசிட்டோன் வாசனை வருது மேடம்."

டாக்டர் எழுந்துவிட்டார். "விருத்தாம்பா! வீல் சேர்!"

*

நைனாவை உள்ளே கொண்டுவந்து கட்டிலில் சாய்த்தார்கள். அவர் ஸ்ரீநிதியைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. சந்தையில் நின்றுகொண்டிருக்கும்போது வேட்டி அவிழ்ந்த மனிதனின் பார்வை.

"சத்தியம் பண்ணியேடி."

அவளுக்கு அழுகை வந்தது.

"அவளை அப்புறம் திட்டுங்க," என்றார் டாக்டர். "எனக்குப் பதில் சொல்லுங்க. ஒரு நாளைக்கு இன்னா சாப்பிடுறீங்க?"

நைனா கமலாம்பாளைப் பார்த்தார். அவள் நகரவில்லை.

ஸ்ரீநிதி சொன்னாள். "காலையில வெண்ணெய் போட்ட காபி, சக்கரை இல்லாம. மதியம் காலிபிளவர், பன்னீர். ராத்திரி தேங்காயும் வேர்க்கடலையும்."

"நேத்து?"

"ஏகாதசி. தண்ணி மட்டும்தான்."

"அந்த மாத்திரை?"

"அதை வுடல," என்றார் நைனா. "நேத்தும் போட்டேன். இன்னிக்கும் போட்டேன்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதைத்தானே சார் நான் கேட்டேன், சாப்பாடெல்லாம் எப்படின்னு?"

"டயட்டு தப்பா மேடம்? நல்லதுன்னுதானே சொல்றாங்க. எம் புள்ள பதினோரு கிலோ குறைஞ்சான். எனக்கும் சுகர் குறைஞ்சிருக்குது."

"குறையும். குறையாதுன்னு நான் சொல்லல. சில பேருக்கு நானே சோத்தைக் குறைக்கச் சொல்லி எழுதித் தர்றேன். ஆனா மொதல்ல கிட்னி பாப்பேன், ரத்தத்துல கொழுப்பு பாப்பேன், மாத்திரையை மாத்துவேன். உங்க புள்ளைக்கு சுகர் இல்ல, மாத்திரை இல்ல. அவன் சட்டையை நீங்க போட்டா பத்துமா?"

"அந்த மாத்திரையில இன்னா?"

"அது சர்க்கரையை மூத்திரத்துல எறக்கிவுடுற மாத்திரை. நீங்க சோறு சாப்பிடுறீங்கன்னு நினைச்சிக் குடுத்தேன். நீங்க மாவுச்சத்தே உள்ள அனுப்பல. இருக்கிறதையும் மாத்திரை வெளிய தள்ளுது. நேத்து பட்டினி வேற. உடம்பு இன்னா பண்ணும்? கொழுப்பை எரிக்கும். எரிஞ்சா கீட்டோன்னு ஒண்ணு வரும். கொஞ்சம் இருந்தா தப்பில்ல. அளவு மீறிட்டா ரத்தமே புளிச்சிப் போயிடும். அந்தப் புளிப்பை வெளிய தள்ளத்தான் இப்படி மூச்சு வாங்குறீங்க."

"சுகர் நூத்தி முப்பத்தாறுதானே இருக்குது?"

"அந்த நம்பர்தான் உங்களை ஏமாத்துச்சு. என்னையும்தான்."

விருத்தாம்பாள் ஒரு சின்னக் குப்பியில் நைனாவின் சிறுநீர் மாதிரியைக் கொண்டுவந்தாள். அதில் கீட்டோன் காட்டும் காகிதப் பட்டையை முக்கி எடுத்தார் டாக்டர். வெளிறிய நிறத்தில் ஒரு சின்னச் சதுரம். பதினைந்து நொடி பொறுக்க வேண்டும்.

ஸ்ரீநிதி மனதுக்குள் எண்ணினாள். ஐந்திலேயே இளஞ்சிவப்பு வந்தது. எட்டில் கத்தரிப்பூ நிறம். பன்னிரண்டில் அந்தச் சதுரம் டப்பாவில் இருந்த நிறப் பட்டியலின் கடைசிக் கட்டத்தைவிடக் கருத்துவிட்டது.

டாக்டர் பட்டையைக் கீழே வைத்தார். "விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். இப்பவே. நூத்தியெட்டுக்குப் போன் போடு விருத்தாம்பா. அதுவரைக்கும் சலைன் ஏறட்டும்."

"கமிட்டிக்கு…" என்று ஆரம்பித்தார் நைனா.

"சார், இது உசுரு போற விஷயம். புரியுதா? ஐ.சி.யூ.ல வெச்சி ரத்தத்தைச் சரிபண்ணணும்."

"இன்சுலின் போடுவாங்களா?"

"போடுவாங்க. கூடவே குளுக்கோஸும் ஏத்துவாங்க."

நைனா கூரையைப் பார்த்தார். எதற்குப் பயந்து மூன்று மாதம் ஓடினாரோ அதுவும், எதை மூன்று மாதம் தொடாமல் இருந்தாரோ அதுவும், ஒரே குழாயில் சேர்ந்து வரப்போகிறது. அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மூச்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஒன்பது கிலோ குறைஞ்சிருக்குதுன்னு சீட்டுலயே எழுதியிருக்கேன்," என்றார் டாக்டர் மெல்ல, ஸ்ரீநிதியிடம். "மாத்திரையாலன்னு நினைச்சிட்டேன். நானும் இன்னொரு வாட்டி கேட்டிருக்கணும்."

கமலாம்பாள் கட்டிலருகே வந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"அப்போ முப்பது வருஷமா வூட்ல வடிக்கிறதுன்னு சொன்னது?"

"இந்த மூணு மாசம்தான் கமலா. வூட்ல மத்த ரெண்டு பேருக்கும் இன்னும் அந்த அரிசிதான்."

"நாலு பேரு கேட்டா நான் இன்னாண்ணா சொல்றது?"

நைனா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மனம் ஆறவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சலைன் பாட்டிலை மாட்ட ஸ்டாண்டு இல்லாமல் விருத்தாம்பாள் தடுமாறியபோது, கமலாம்பாள்தான் அதை வாங்கித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரஷர் பட்டை இன்னும் அவள் கையில் சுற்றியிருந்தது.

*

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. கூட்ரோடு முச்சந்தியில் நெல் லாரிகள் வழியை அடைத்திருந்தன.

அதற்குள் உண்ணாமலை வந்துவிட்டாள். காலில் செருப்பில்லை. "நான்தானே துருவித் துருவிப் போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தருண் அண்ணனின் போனுக்கு ஸ்ரீநிதி ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள். 'நேரா விழுப்புரம் வா.'

நைனாவின் கண்கள் சொருகத் தொடங்கியிருந்தன. கூப்பிட்டால் திறந்தார். திறந்ததும் மூடிக்கொண்டார். ஸ்ரீநிதி அவருடைய கையைப் பிடித்திருந்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது மன்னிப்பா, தெம்பில்லாததாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றினார்கள். மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாஸ்க். டாக்டர் எழுதிய கடிதத்தை ஸ்ரீநிதியின் கையில் கொடுத்தார்.

"இதை மொதல்ல காட்டு. சுகர் நார்மலாத்தானே இருக்குதுன்னு யாராவது சொன்னா, கீட்டோன் பாருங்கன்னு நீயே சொல்லு. சொல்லுவதானே?"

"சொல்றேன் மேடம்."

"ஒண்ணு கேக்கணும். வூட்ல வேற யாராவது இந்த டயட்டோட இந்த மாத்திரையைப் போடுறாங்களா? அம்மா?"

"நான் சோறுதான் சாப்பிடுறேன்," என்றாள் உண்ணாமலை. "எனக்குச் சுகரே இல்ல."

டாக்டர் கதவைச் சாத்தப் போனார்.

உள்ளே நைனாவின் கை உயர்ந்தது. மாஸ்க்கைப் பிடித்து இழுத்தார். ஆம்புலன்ஸ்காரர் தடுத்தும் விடவில்லை. வாசலில் பத்துப் பேருக்குமேல் கூடி நின்றார்கள். பாதிப்பேர் அவர் மண்டிக்கு வருகிறவர்கள். இந்த முறை அவர் யாரையும் பார்க்கவில்லை.

"அரி…" மூச்சு. "அரிகிருஷ்ணன்."

"என் தம்பியா?" உண்ணாமலை வண்டியின் படியைப் பிடித்தாள். "அவனுக்கு இன்னா?"

"பட்டியல் குடுத்தேன். நான் எளைச்சதைப் பாத்துட்டுக் கேட்டான்." மூச்சு. "என் மாத்திரையும். ரெண்டு அட்டை."

"எப்போ?" என்றார் டாக்டர்.

"பொங்கலுக்கு."

பொங்கல் முடிந்து இருபது நாள் ஆகிறது.

"அவருக்கும் சுகர்," என்றாள் ஸ்ரீநிதி டாக்டரிடம். "அனந்தபுரத்துல இருக்காரு." சொல்லும்போதே போனில் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதன்னு…" நைனாவால் முடிக்க முடியவில்லை. மாஸ்க்கைத் திரும்ப வைத்தார்கள்.

ஸ்ரீநிதியும் அம்மாவும் ஏறியதும் வண்டி நகர்ந்தது. சைரன் ஒலியில் மறுமுனை மணி அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். நான்கு முறை அடித்தபிறகு எடுத்தார்கள். மாமாவின் மனைவி, அத்தை ஜெயக்கொடியின் குரல்.

"யாரு, ஸ்ரீநிதியா? இன்னாம்மா, ஒரே சத்தமா இருக்குது?"

"அத்த, மாமா எங்க?"

"தூங்குறாரு. ரெண்டு நாளா ஒரே வாந்தி. நேத்து ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தாரு. இப்பதான் அசந்தாரு. பாவம், எழுப்ப மனசு வரல."

ஸ்ரீநிதி எதிரே மாஸ்க்குக்குள் ஏறி இறங்கும் மூச்சைப் பார்த்தாள். நைனாவின் கண்கள் திறந்திருந்தன. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்புங்க அத்த."

"எதுக்கு? உங்க நைனா பேசணுமா?"

"எழுப்புங்க அத்த. இப்பவே."

இதுவரை யாரிடமும் அவள் அப்படிப் பேசியதில்லை. மறுமுனையில் போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள். கதவு.

"ஏங்க…"

ஆம்புலன்ஸ் ஒரு நெல் லாரியைத் தாண்டியது.

"ஏங்க, எழுந்திருங்க. செஞ்சியிலேர்ந்து போனு."

உண்ணாமலை மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமாவின் குரல் கேட்கவில்லை. மூன்றாவது முறை அத்தை போட்ட அலறல் போன் இல்லாமலே செஞ்சிவரை கேட்டிருக்கும்.